குளத்து நீச்சலும் கடல் நீச்சலும்

நீச்சற்குளத்தில் நீந்த வல்லவர் யாவரும் கடலிலும் நீந்த வல்லவராவரோ? ஆகார். டிரையத்லான் என்னும் மூவகைப் பந்தயத்தில் புதிதாக இறங்க விரும்புவோர் முதலில் உணர வேண்டிய உண்மை இதுவே.

நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் இடைவிடாது செய்து முடிப்பது இப்பந்தயம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தோன்றி, 2000ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஒலிம்பிக் அளவில் 1,500 மீட்டர் நீச்சலும், 40 கிலோமீட்டர் மிதிவண்டிப் பயணமும், 10 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. புதியவர் பெரும்பாலும் இவற்றிற் பாதியளவில் தொடங்குவர். அவர்க்கு நீச்சல் 750 மீட்டர்.

தூரத்தில் மிகச் சிறியது நீச்சல். இடரில் மிகப் பெரியதும் அதுவே. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை இப்பந்தயங்களில் நேர்ந்த உயிரிழப்புகளையும் திடீர் இதய நிறுத்தங்களையும் ஆய்ந்தனர். மொத்தம் 135 நிகழ்ச்சிகளில் 90 நீச்சலின்போதே நேர்ந்தவை. பாதிப்புற்றோருள் நடுவயது ஆடவரே மிகுதி. ஆகவே நாற்பதைக் கடந்தோர் மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொண்ட பின்னரே பயிற்சியைத் தொடங்குதல் நன்று.

குளம் நீந்துவோர்க்கு மூன்று உதவிகளைச் செய்கிறது. 25 அல்லது 50 மீட்டருக்கு ஒருமுறை சுவர் வந்து இளைப்பாற இடந்தருகிறது. அடியிலுள்ள கோடு வழிகாட்டுகிறது. நீரும் அமைதியாக நிற்கிறது. கடலில் இம்மூன்றும் இல்லை. ஆதலின் மூச்சு, திசை, நீரோட்டம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பழகுதல் வேண்டும்.

முதலாவது மூச்சு. அலை முகத்தில் அறைந்தவுடன், அல்லது பிறர் கைகால் மேலே பட்டவுடன், புதியவர் தம்மை அறியாமலே மூச்சை அடக்கிக்கொள்கிறார். உடலில் கரியமிலவாயு பெருகுகிறது. திணறலும் அச்சமும் பிறக்கின்றன. முகம் நீருக்குள் இருக்கும்பொழுதே மூச்சை மெல்ல விட்டுக்கொண்டிருப்பதே இதற்கு மருந்து. அச்சம் மேலிட்டால் மல்லாந்து மிதந்து, மூச்சுச் சீரானபின் தொடரலாம். பந்தயத்தில் கூட்டத்தின் பின்புறமோ ஓரத்திலோ நின்று புறப்படுவது நலம்.

இரண்டாவது திசை. ஆறு அல்லது எட்டுக் கைவீச்சுக்கு ஒருமுறை, முதலையைப் போலக் கண்களை மட்டும் நீருக்குமேல் உயர்த்தி மிதவையை நோக்க வேண்டும். தலை முழுதும் தூக்கினால் கால்கள் தாழும், விரைவு குன்றும்.

மூன்றாவது நீரோட்டம். நூறு மீட்டருக்கு இரண்டரை நிமிடம் எடுப்பவர் 750 மீட்டரை ஏறத்தாழ 19 நிமிடத்தில் கடப்பார். மணிக்கு 1 கிலோமீட்டர் மட்டுமே செல்லும் குறுக்கோட்டம், அந்நேரத்துள் அவரை 300 மீட்டருக்கு மேல் ஒதுக்கிவிடும்! இதை அறிவது எங்ஙனம்? மிதவையையும் அதன் பின்னே கரையில் தெரியும் ஒரு மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். மரம் ஒருபுறம் விலகித் தோன்றினால், ஓட்டம் தம்மை இழுக்கிறது என்று தெளியலாம்.

குளிர்நாட்டு நூல்கள் ரப்பர் நீச்சலுடையைப் பற்றி விரிவாகப் பேசும். போர்ட்டிக்சன், லங்காவி ஆகிய இடங்களின் கடல்நீர் வெதுவெதுப்பானது. இத்தகைய நீரில் அவ்வுடையைப் பந்தய விதிகள் பொதுவாக இசைவதில்லை. அது தரும் மிதப்பும் இங்குக் கிட்டாது. ஆகவே இங்கு நீந்துவோர் தம் பயிற்சியையே நம்பியாக வேண்டும்.

அப்பயிற்சியைப் படிப்படியாகச் செய்க. குளத்தில் சுவரைத் தொடாமல் 750 மீட்டர் நீந்துவது முதற்படி. ஒரே தடத்தில் மூவர் நெருங்கி நீந்திப் பழகுவது இரண்டாம் படி. அதன் பின்னரே கடல். அதுவும் அனுபவமுள்ள துணையோடு, பளிச்சிடும் தொப்பியும் இடுப்பில் கட்டிய மிதவையும் அணிந்து, நெஞ்சளவு நீரில், கரையை ஒட்டியே நீந்துதல் வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் மலேசியக் கிழக்குக்கரைக் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் அங்கே இறங்கலாகாது.

பந்தய நாளன்று கடல் சீறினாலோ மனம் துணியாவிட்டாலோ விலகிக்கொள்வது இழுக்கன்று. கடல் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.