முகத்திற் காற்றா, முதுகிற் காற்றா?

காற்றடைத்த சிறுதோணி வாங்குவோர்க்குச் சில சொற்கள்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் நம் நாட்டுக் கடற்கரைகளிலே குடும்பங்கள் கூடுவது வழக்கம். அக்கூட்டத்தினிடையே சிற்சில வேளைகளில் ஒரு புதுப் பொருளையும் காண்கின்றோம். மடித்துப் பையில் இட்டுக் கொண்டுவந்து, கரையிலே விரித்துக் காற்றடைத்து, சிறிது நேரத்தில் நீரில் மிதக்கவிடக்கூடிய சிறுதோணியே அது. மரத்தோணி வாங்குவதாயின் பெரும் பணமும், அதனை நிறுத்திவைக்க இடமும் வேண்டும். இதற்கோ வீட்டு அலுமாரியின் ஒரு மூலை போதும். ஆதலால் இதனை வாங்க விரும்புவோர் பலர். விரும்புவதில் தவறில்லை. ஆனால், விளையாட்டுப் பொருளென எண்ணி வாங்கப்பெற்று, ஆழ்நீருக்குக் கொண்டு செல்லப்படும் பொருள் இது. வாங்குமுன் அறியவேண்டியவற்றையும், ஏறுமுன் ஆராயவேண்டியவற்றையும் பெற்றோரும் மாணவரும் தெரிந்திருத்தல் நன்று.

நன்மையே தீமையாதல்

காற்றை அடைத்து நீரைக் கடக்கும் எண்ணம் புதியதன்று. கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அசீரியச் சிற்பமொன்றில், ஊதிய தோற்பைகளை அணைத்தவண்ணம் வீரர் ஆற்றைக் கடக்கும் காட்சி செதுக்கப்பட்டிருக்கின்றது. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் அச்சிற்பம் இருக்கின்றது. 1840களில் பீற்றர் ஹல்கற் என்னும் ஆங்கிலக் கடற்படை அதிகாரி, மேலங்கியாக அணியவும், வேண்டியபோது ஊதித் தோணியாக்கவும் கூடிய ஒன்றை றப்பர் பூசிய துணியால் அமைத்தார்.

இவற்றின் தத்துவம் மாணவர் அறிந்ததே. ஆக்கிமிடிசு கூறியவாறு, ஓர் இலீற்றர் நீரை விலக்கும் பொருளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் பாரத்தைத் தாங்கவல்ல மேலுதைப்புக் கிடைக்கும். தோணியின் குழாய்களோ பல நூறு இலீற்றர் காற்றைக் கொள்வன. தோணியின் நிறை மிகச் சிறிது. எனவே அது எளிதில் அமிழ்வதில்லை.

இந்த நன்மையே மறுபுறம் தீமையுமாகின்றது. மரத்தோணி நீரிற் சற்று ஆழ்ந்து கிடக்கும். நீர் அதனைப் பற்றிக்கொள்ளும். காற்றடைத்த தோணி உதிர்ந்த இலைபோல் நீரின்மேல் தங்கும். அதன் உடல் முழுவதும் காற்றுக்கு முன்னே நிற்கும். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கரையிற் பட்டம் ஏற்றுவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். பட்டத்தை நூல் பிடித்திருக்கின்றது. இத்தோணியைப் பிடித்திருப்பது ஒன்றுமில்லை. காற்றின் வேகம் இருமடங்காகும்போது அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற் கொள்க.

1952ஆம் ஆண்டு அலேன் பொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர், இத்தகைய றப்பர்த் தோணியொன்றிலே தனியராய், கனாரித் தீவுகளிலிருந்து புறப்பட்டு 65 நாள்களில் அத்திலாந்திக்கைக் கடந்து பார்படோசை அடைந்தார். ‘றப்பர்த் தோணி பெருங்கடலையே தாண்டியதன்றோ?’ எனச் சிலர் கேட்பர். தாண்டியது உண்மை. ஆனால் அவர் காற்றை எதிர்த்துச் சென்றவரல்லர். அத்திசையில் இடையறாது வீசும் வியாபாரக் காற்றுக்குத் தம்மை ஒப்புவித்துச் சென்றவர். காற்றுச் செல்லுமிடத்துக்கே இத்தோணியும் செல்லும் என்பதற்கு அவருடைய பிரயாணமே தக்க சான்று.

அமைதியான கடலை நம்பலாமா?

எனவே நாம் கூறும் முதல் விதி இது: கரையிலே நீரை நோக்கி நில்லுங்கள். காற்று முகத்திற் படுகின்றதா, முதுகிற் படுகின்றதா என்று பாருங்கள். முகத்திற் பட்டால் அது உங்களைக் கரைக்குத் தள்ளும் காற்று. முதுகிற் பட்டால் அது உங்களைக் கடலுக்குத் தள்ளும் காற்று. அன்றைக்குத் தோணியைப் பையை விட்டு வெளியே எடுக்கவேண்டாம்.

இவ்விதி நம் நாட்டவர்க்கு மிகவும் வேண்டியது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்திற்றான் நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் அமைதியாக இருக்கும். மக்களும் அக்காலத்திலேயே அங்கு செல்வர். அவ்வமைதிக்குக் காரணம் யாது? காற்று தரையைக் கடந்து கடலை நோக்கி வீசுவதே. கரையோரத்தில் அலை எழுப்ப அதற்குத் தூரம் போதாது. சிறிது அப்பாற் சென்றதும் நீர் கொந்தளிக்கத் தொடங்கும். மட்டக்களப்பார் கச்சான் என்றும், யாழ்ப்பாணத்தார் சோழகம் என்றும் கூறும் காற்றுகள் இப்பருவத்துக்குரியன. சோழகம் வீசுங்கால் வடமராட்சியின் வடகரையிலும் நிலை இதுவே. மார்கழி, தை மாதங்களில் வாடை வீசும்போது கல்கிசையும் ஹிக்கடுவையும் அமைதியாகத் தோன்றுவதும் இக்காரணத்தாலேயே. நீராட உகந்ததெனக் கருதப்படும் பருவமே இச்சிறுதோணிக்கு ஆகாத பருவமாயிருத்தல் கூடும்.

பகலிற் கடற்காற்று எழுந்து திசை மாறுவதும், மாலையில் அது தணிந்து கரைக்காற்று தொடங்குவதும் இயல்பு. ஆகையால் ஒருமுறை பார்த்தது போதாது. அடிக்கடி பார்த்தல் வேண்டும். மரத்தின் இலைகளும் சிறு கிளைகளும் ஓயாது அசைந்தாலோ, நீரில் வெண்ணுரைகள் தலைகாட்டினாலோ, புதியவர் நீரில் இறங்குதல் தகாது. கரைநோக்கிய காற்றாயினும் அலைகள் உடைந்து விழும் இடத்தைத் தவிர்த்தல் வேண்டும். உடையும் அலை தோணியைக் கவிழ்த்துவிடும்.

தொடக்கத்திற் பழகுவதற்குக் கடல் ஏற்றதன்று. நன்கறிந்த, ஒதுக்கமான ஆழங்குறைந்த நீர்நிலையே ஏற்றது. களப்பிலே மீன்பிடிக்க நாட்டிய கம்புகளும் சிப்பியோடுகளும் தோணியைக் கிழிக்கும். வன்னிக் குளங்களிலோ நீருள் மறைந்த பட்டமரங்களும் முதலைகளும் உண்டு. அவ்வூரவரைக் கேளாமல் இறங்கலாகாது.

எதனை வாங்குவது?

நீச்சற் குளத்துக்கான விளையாட்டுத் தோணிகளும், நீர்நிலையிற் செலுத்துவதற்கான தோணிகளும் கடையில் அருகருகே இருக்கும். முன்னதன் பெட்டியிலே, ‘உயிர்காப்புச் சாதனமன்று’ என்னும் எச்சரிக்கை சிறிய எழுத்தில் இருக்கக் காணலாம். அதனைத் திரும்ப வைத்துவிடுக.

நல்ல தோணியில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத காற்றறைகள் இரண்டுக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். ஓர் அறை பழுதுற்றாலும் மற்றது தாங்கும். எத்தனை பேர், எத்தனை கிலோகிராம் என்னும் அளவைக் காட்டும் தகடோ அச்சோ தோணியில் இருக்கவேண்டும். ஐ.எஸ்.ஓ. 6185 என்பது இத்தோணிகளுக்குரிய சர்வதேச நியமம். அவ்வெண் காணப்படின் நன்று. ‘நால்வர்’ என எழுதியிருந்தால் இருவரும் அவர்தம் பொருளும் என்று கொள்வது விவேகம். துடுப்பைப் பொருத்தும் வளையங்கள் உறுதியாயிருக்கின்றனவா, சுற்றிலும் பிடித்துக்கொள்ளக் கயிறு உண்டா, காற்றுவாய் இறுக மூடுகின்றதா என்று நோக்குக. இயந்திரம் பூட்டும் ஆசையைத் துடுப்பு வலிக்க நன்கு பழகியபின் வைத்துக்கொள்ளலாம்.

காற்றடைத்தல்

முதல்நாள் மாலையிலேயே வீட்டு முற்றத்திற் காற்றடைத்து, காலையில் இளகியிருக்கின்றதா என்று பார்க்கவேண்டும். இளகியிருந்தாற் காற்றுவாயிலும் பொருத்துகளிலும் சவர்க்கார நீர் பூசினால், குமிழிகள் ஒழுக்கைக் காட்டிக்கொடுக்கும். அடைக்கும்போது ஓரறையை முற்றாக நிரப்பிப் பின் மற்றதற்குச் செல்லாது, எல்லா அறைகளையும் சிறிது சிறிதாக மாறிமாறி நிரப்புக. இல்லையேல் இடைச்சுவர் நைந்துபோகும்.

வெயிலிற் கிடக்கும் தோணி வெடிப்பதேன் என்று மாணவர் கணித்தறியலாம். வளிமண்டல அமுக்கத்தின் பத்திலொரு பங்கு மிகுதியாக இருக்கும்படி 27 பாகை செல்சியசில் காற்றடைத்ததாகக் கொள்வோம். உள்ளிருக்கும் காற்று 57 பாகைக்குச் சூடேறினால், தனிவெப்பநிலை 300இலிருந்து 330 ஆகின்றது. கனவளவு மாறாவிடின் மொத்த அமுக்கம் 1.10 என்பதிலிருந்து 1.21 ஆகும். அதாவது, தோணியின் சுவர் தாங்கவேண்டிய மிகையமுக்கம் 0.10 இலிருந்து 0.21 ஆகி, இருமடங்கைத் தாண்டுகின்றது! துணி சற்று நெகிழ்வதால் உண்மையில் இதனிலும் குறையுமாயினும் ஆபத்து ஆபத்தே. கரைக்கு வந்ததும் தோணியை நிழலில் இடுக, அன்றேல் சிறிது காற்றை வெளியேற்றுக. சூட்டில் இறுகியிருந்த தோணி குளிர்ந்த நீரில் இளகுவதும் இக்காரணத்தாலேயே. அப்பொழுது மீண்டும் சிறிது அடைத்தல் வேண்டும்.

ஏறுமுன்னும் ஏறியபின்னும்

உயிர்காப்பு அங்கி அணியாது எவரும் ஏறலாகாது. அதனைத் தோணியில் வைத்திருப்பது அணிந்திருப்பதாகாது. 50 நியூற்றன் என்று குறித்தது நீந்தத் தெரிந்தவர்க்கு, அதுவும் உதவி அருகிலிருக்கும்போது மட்டுமே போதும். நீந்தத் தெரியாதவர்க்கும் சிறுவர்க்கும் 100 நியூற்றன் வகையிலே, உடல் நிறைக்கு ஏற்ற அளவானதை வாங்குக. சிறுவர் மட்டும் தனித்து ஏறுதல் எக்காலத்தும் கூடாது. இடையளவு நீரில் விளையாடும்போதும், தோணியிற் கட்டிய நீண்ட கயிற்றின் மறுமுனை பெரியவர் ஒருவரின் கையில் இருக்கட்டும்.

ஊதுகுழல், மேலதிகத் துடுப்பு, நீர் புகாத உறையிலிட்ட தொலைபேசி, குடிநீர் ஆகியன உடனிருக்கவேண்டும். எங்கே செல்கின்றோம், எப்பொழுது திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்க. முதல்முறை ஆழங்குறைந்த நீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, மீண்டும் ஏறப் பழகுக. ஏறுவது எத்துணைக் கடினமென்பது அப்பொழுதே புலப்படும்.

தோணியில் எழுந்து நிற்கலாகாது. காற்றை எதிர்த்து முதலிற் செல்லுங்கள்; களைத்தபின் திரும்புகையில் காற்றுத் துணைசெய்யும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்ரோபர், நவெம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை பெய்வது வழக்கம். இடியோசை கேட்டவுடன் கரை சேருங்கள்.

தோணி கடலுக்கு இழுபட்டுப் போனால், அதிலிருப்பவர் அதனை விட்டிறங்கி நீந்த முயலலாகாது. கவிழ்ந்தாலும் அதனையே பற்றிக்கொள்க. சிறுதலையினும் பெருந்தோணி தேடுவோர் கண்ணுக்கு எளிதிற் புலப்படும். கரையிலிருப்போர்க்கும் ஒரு சொல். பிள்ளை அலைந்து செல்வதைக் கண்ட தந்தை நீரிற் பாய்வது இயற்கை. ஆனால் காற்றில் ஓடும் தோணியை நீந்திப் பிடித்தல் அரிது. இடைவழியிற் களைத்தவருக்குப் பற்றிக்கொள்ள எதுவுமிராது. பிள்ளையைத் தாங்கத் தோணி இருக்கின்றது. தந்தையைத் தாங்க எதுவுமில்லை. எனவே, அண்மையிலுள்ள கடற்றொழிலாளரின் வள்ளத்தை உடனே அனுப்புக. 119 என்னும் பொலிஸ் அவசர இலக்கத்தை அழைக்குக. தோணியின் மேல் வைத்த கண்ணை எடாது நிற்க.

வீடு திரும்பியதும் உப்பையும் மணலையும் நன்னீராற் கழுவி, நிழலில் உலர்த்தி, எலி அணுகாத இடத்தில் வைப்பின் தோணி பல்லாண்டு உழைக்கும்.

தோணியின் விலையோடு ஒவ்வொருவர்க்கும் ஓர் அங்கியின் விலையையும் கூட்டிப் பார்க்கவேண்டும். அத்தொகைக்கு வழியில்லையாயின், வழி உண்டாகும்வரை தோணி வாங்குவதைப் பின்போடுதலே பெற்றோர்க்கு அழகு. வாங்கியவர்களோ, கரைக்குச் சென்றதும் அங்குள்ள கடற்றொழிலாளர் ஒருவரிடம் அன்றைய காற்றைப் பற்றிக் கேட்க நாணவேண்டாம். அவர் ‘இன்றைக்கு வேண்டாம், தம்பி’ என்றால், மணலில் அமர்ந்து பிள்ளைகளோடு கடலைப் பார்த்து மகிழ்ந்து திரும்புங்கள். கடல் அடுத்த விடுமுறையிலும் அங்கேயே இருக்கும்.