மேசையும் மரத்தின் இயல்பும்

ஏற்காட்டுக்குச் சென்றோர், சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காப்பிச் செடிகளுக்கு மேலே நெடிதுயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்களைக் கண்டிருப்பர். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராய் இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொணர்ந்தார். ஆஸ்திரேலியாவின் கீழைப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக், காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் பிற்காலத்தில் நடப்பெற்றது. முதிர்ந்தபின் வெட்டப்படும் அம்மரம் மேசை நாற்காலிகளுக்கும் பயன்படுகிறது. வீட்டுப் பட்டறையில் கடைசல்கால் மேசை செய்ய விழையும் அன்பர்களுக்குச் சில கூறுவோம்.

அறுத்த மரமும் காற்றின் ஈரத்தை வாங்கும். வெப்பத்தில் அதனை விட்டுவிடும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் மஞ்சு தவழும் ஊர். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினாலோ, சேலத்துச் சித்திரை வெயில்! மலையில் மழைக்காலத்தில் பூட்டிய மேசை, மணமான மகளின் இல்லத்திற்கெனச் சமவெளிக்கு இறங்குமாயின், ஒரே கோடையில் பலகை வெடிக்கவும் கால்கள் ஆடவும் கூடும். இதனைத் தவிர்க்கும் வழி யாது?

முதலாவது, மரம் நன்கு காய வேண்டும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. மூன்று அங்குலக் கால்கட்டை காய நெடுநாள் ஆகுமாதலின், காய்ந்த ஓர் அங்குலப் பலகைகள் மூன்றைப் பசையிட்டு ஒட்டிக் கட்டையாக்கலாம். ஈரக்கட்டையைக் கடைந்தால், இன்று வட்டமாயிருக்கும் கால் காய்ந்தபின் நீள்வட்டமாகும்.

இரண்டாவது, காலின் தலைப்பகுதியைக் கடையாமல் சதுரமாகவே விடுக. சட்டத்தின் முளை பொருந்தும் துளை அங்கேதான் அமையும். முளை ஈரமாயிருப்பின் பின்னர்ச் சுருங்கி ஆடும். நான்கு கால்களும் ஒத்திருக்க, வளைவுகளின் அளவை ஒரு குச்சியில் குறித்து, அக்குச்சியையே நான்கிற்கும் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மேற்பலகையை இறுக ஆணியடித்தல் ஆகாது. மரம் நீளவாட்டில் சுருங்குவது மிகச் சிறிது. அகலவாட்டிலோ, இரண்டரை அடிப் பலகை கால் அங்குலமோ அதற்குச் சற்று மேலோ சுருங்கலாம். ஆகவே சட்டத்தில் பலகையின் அகலவாட்டில் நீண்ட துளையிட்டு, அதன் வழியே கீழிருந்து திருகாணி முடுக்குக. பலகை அசைய இடம் கிடைக்கும்.

கடைசல் இயந்திரத்தின் அருகே தோளில் துண்டு, தளர்ந்த வேட்டி, தொங்கும் சட்டைக்கை வேண்டா. கண்ணாடி அணிக. விசையைப் போடுமுன் கட்டையைக் கையால் ஒருமுறை சுற்றி, எங்கும் தட்டாமையை உறுதி செய்க. சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலரிப்பைத் தருவதால் மூக்கை மூடிக்கொள்வது நலம்.

இறுகப் பிணிப்பதே உறுதி எனப் பலர் எண்ணுவர். மரத்தின் இயல்பறிந்து இடம் விட்டுப் பூட்டிய மேசையோ, பேரப்பிள்ளைகள் சுற்றி அமர்ந்து உண்ணும் நாளிலும் ஆடாமல் நிற்கும்.