இணையத்தில் மாற்றுப் பெயர்ப் பதிவுகள்: பயனும் பொறுப்பும்

பொதுத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் இலட்சக்கணக்கான மாணவர்கள் ஒரே நேரத்தில் ஓர் இணையதளத்தை நாடுகின்றனர். அந்த ஒரு நாள் நெருக்கடிக்கென ஒவ்வொரு துறையும் பெரிய கணினி நிலையத்தை நிறுவுவது சிக்கனமாகாது. பிற நிறுவனத்தின் கணினிகளை வேண்டிய காலத்திற்கு வாடகைக்குப் பெறுவதே சிக்கனமான வழி. எனினும் மக்கள் அறிந்த இணைய முகவரி மாறிவிடக் கூடாது. இத்தேவையை நிறைவு செய்வது 'சி-நேம்' எனப்படும் மாற்றுப் பெயர்ப் பதிவாகும்.

செயற்படும் முறை

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண் முகவரிகளால் அடையாளம் காண்கின்றன. பெயரைக் கொண்டு எண்ணைக் கண்டறிய உதவும் அமைப்பு டி.என்.எஸ். ஆகும். பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் இதனை வகுத்தார். இன்றும் அடிப்படையாக விளங்கும் வரையறைகள் 1987-இல் வெளியாயின. பெயருக்கு நேராக எண்ணை எழுதுவது ஒரு வகைப் பதிவு. எண்ணுக்குப் பதிலாக வேறொரு பெயரை எழுதுவது மாற்றுப் பெயர்ப் பதிவு.

எடுத்துக்காட்டாக, 'முடிவு.துறை.இந்தியா' என்ற கற்பனைப் பெயருக்கு நேராக வாடகை நிறுவனம் அளித்த பெயர் எழுதப்பட்டுள்ளது எனக் கொள்வோம். வினவும் கணினி இரண்டாம் பெயருக்குச் சென்று, அங்குள்ள எண்ணைப் பெறும். நிறுவனம் தன் எண்ணை மாற்றினாலும் துறை தன் பதிவைத் திருத்த வேண்டியதில்லை. பயன்படுத்துவோரின் திரையில் துறையின் பெயரே தோன்றும். ஆகவே, அப்பெயரை ஏற்று விடையளிக்கும் ஏற்பாடும், அப்பெயருக்குரிய பாதுகாப்புச் சான்றிதழும் நிறுவனத்தின் கணினியில் இருத்தல் வேண்டும்.

விதிகள்

மாற்றுப் பெயர் உள்ள இடத்தில் வேறு வகைத் தகவல் பதிவு எதுவும் இருத்தலாகாது. 'துறை.இந்தியா' போன்ற தலைமைப் பெயரில் நிர்வாகப் பதிவுகள் கட்டாயம் இருப்பதால், அங்கு இம்முறை பொருந்தாது. கிளைப் பெயர்களுக்கே பொருந்தும். மின்னஞ்சலுக்கான பதிவும் மாற்றுப் பெயரைச் சுட்டலாகாது.

ஒவ்வொரு பதிவுக்கும் நினைவில் வைத்திருக்கும் கால அளவு உண்டு. அது 3,600 வினாடி எனில், மாற்றம் எங்கும் பரவ ஒரு மணி நேரம் வரை ஆகலாம். எனவே முடிவு நாளுக்கு முன்னரே இவ்வளவைக் குறைத்து வைப்பது நலம்.

மறந்த பதிவால் விளையும் தீங்கு

ஒப்பந்தம் முடிந்து வாடகைப் பெயர் கைவிடப்பட்ட பின்னும் துறையின் பதிவு நீக்கப்படாமல் இருப்பதுண்டு. சில சேவைகளில், கைவிடப்பட்ட பெயரை வேறொருவர் பெற்றுக்கொள்ள இயலும். அவர் தீய நோக்குடையவராயின், அரசின் பெயரிலேயே போலித் தளத்தை நடத்தலாம். பெயர் தம் ஆளுகையில் இருப்பதாகக் காட்டிப் பாதுகாப்புச் சான்றிதழையும் பெற்றுவிடலாம். மாணவரோ ஓய்வூதியரோ முகவரியைச் சரிபார்த்த பின்னும் ஏமாற நேரும்; கடவுச்சொல்லும் வங்கி விவரமும் பறிபோகும். இங்குக் குடிமக்களின் கவனக்குறைவைக் குறை கூற இயலாது.

இதனைத் தடுக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. மாற்றுப் பெயர் ஒவ்வொன்றும் எதற்காக, எவருடைய பொறுப்பில், எந்த ஒப்பந்தத்தின்படி, எந்நாள் வரை என்பதைப் பதிவேட்டில் குறித்து, குறித்த காலங்களில் சரிபார்த்தல் வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது முதலில் பதிவை நீக்கி, நினைவுக் காலம் கழிந்த பின்னரே சேவையைக் கைவிடுதல் வேண்டும். கணினியை வாடகைக்குப் பெறலாம். பெயரின் மீது மக்கள் கொண்ட நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பு துறையினுடையதே.