‘அலாட்மெண்ட்’ என்னும் சொல்லும் அதன் பாத்தியமும்

நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம் என் செவியில் விழும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. வீடு அலாட்மெண்ட் ஆயிற்று என்பார் ஓர் அங்கத்தினர். மனை அலாட்மெண்ட் ஆயிற்று என்பார் மற்றொருவர். கம்பெனிப் பங்கு அலாட்மெண்ட் ஆகவில்லை என்பார் வேறொருவர். சொல் ஒன்றே, ஆனால் மூவர்க்கும் உள்ள பாத்தியம் ஒன்றன்று.

‘லாட்’ என்பது பங்கைத் தீர்மானிக்கப் போடும் திருவுளச்சீட்டு. சீட்டுப் போட்டு அவரவர்க்கு விழுந்த பாகமே அலாட்மெண்ட். இது நமக்குப் புதியதன்று. மிராசு கிராமங்கள் சிலவற்றில் நிலத்தைப் பொதுவில் வைத்து, குறித்த காலத்துக்கொருமுறை பங்காளிகளுக்குள் மாற்றிப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதனைக் கரையீடு என்றனர். ‘பங்கு’ என்ற நம் சொல்லே நிலத்தையும் குறிக்கும், முதலில் உள்ள பாகத்தையும் குறிக்கும்.

இங்கிலாந்தில் இச்சொல்லைக் கேட்டதும் பாமரர் நினைப்பது காய்கறித் தோட்டத்தையே. சொந்த நிலமில்லாதார்க்குச் சிறு துண்டு நிலம் கொடுக்கும் கடமையை 1908ஆம் வருஷத்துச் சட்டம் ஸ்தல ஸ்தாபனங்களின் மீது சுமத்திற்று. வழக்கமான துண்டு பத்துச் சதுரக் கோல். நம் கணக்கில் ஆறேகால் சென்ட். அதில் உருளைக்கிழங்கும் கோஸும் பயிரிட்டு உண்ணலாம். விற்க இயலாது, ஏனெனில் பயிரிடுவோர் வாடகைதாரரேயன்றிச் சொந்தக்காரரல்லர்.

கம்பெனிப் பங்கிலோ நிலைமை நேர்மாறானது. நீங்கள் கொடுப்பது விண்ணப்பம்; அலாட்மெண்ட் என்பது கம்பெனியின் சம்மதம். அது பிறந்தவுடன் பாத்தியமும் வரும், பாரமும் வரும். இங்கிலாந்தில் ஓர் இன்ஷியூரன்ஸ் கம்பெனியில் நூறு பங்குகளுக்கு விண்ணப்பித்த ஒருவர்க்குத் தபாலில் போட்ட அலாட்மெண்ட் கடிதம் போய்ச் சேரவேயில்லை. கம்பெனி முறிந்தது. கடிதம் தபாலில் சேர்ந்தபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டதென்றும், பாக்கித் தொகையை அவர் கட்டவே வேண்டுமென்றும் 1879இல் தீர்ப்பாயிற்று. நம் தேசத்து 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும் ஏறக்குறைய இவ்வாறே கூறுகிறது. 1956இல் ஏற்பட்ட நெய்வேலிக் கம்பெனியிலும் பங்கு ஒதுக்கீடு பெரிய விஷயமாயிற்று. 2013இல் மத்திய சர்க்கார் விற்ற நூற்றுக்கு 3.56 பங்குகள் தமிழ்நாட்டு அரசின் ஐந்து நிறுவனங்களுக்கே ஒதுக்கப்பட்டன.

நமது நாணயச் சங்கத்திலும் பங்குப் பணம் கட்டிய ரசீது மட்டும் ஒருவரை அங்கத்தினராக்காது. நிர்வாகக் குழுவின் தீர்மானம் வேண்டும். அங்கத்தினர் ரிஜிஸ்தரில் பெயர் ஏறவேண்டும். ஆனால் பங்கு பத்தானாலும் நூறானாலும் வாக்கு ஒன்றே. இதனை எத்தனை முறை சொன்னாலும் சில பெரியதனக்காரர் ஏற்பதில்லை!

இனி வீட்டிற்கும் மனைக்கும் வருவோம். டவுன்ஷிப்பில் உத்தியோகஸ்தர்க்கு ஒதுக்கப்படும் குவார்ட்டர்ஸ் வேலையோடு வருவது, வேலையோடு போவது. கொல்லையில் நட்ட முருங்கையும் அப்படியே. இது எல்லோர்க்கும் தெரியும். குழப்பம் மாற்று மனையில்தான். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துப் பெயர்ந்த முதியவர் ஒருவர், தமது மனை ஒதுக்கீட்டு உத்தரவை மஞ்சள் பையிலிருந்து பத்திரமாக எடுத்து, அதன்மீது கடன் கேட்டார். அதில் அவர் பெயரும் மனை எண்ணும் இருந்தன, பட்டா இல்லை. “பூர்வீக நிலத்தைக் கொடுத்து வாங்கிய காகிதம் ஐயா இது” என்றார். அதனை ஈடாக ஏற்க எனக்கு விதி இடங்கொடுக்கவில்லை. இருவர் ஆள்ஜாமீனில் சிறு தொகையே கொடுக்க முடிந்தது.

ஆகையால் ஒதுக்கீட்டு உத்தரவு வைத்திருப்போர் அதனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு இருந்துவிடலாகாது. தாலுகா ஆபீசில் அந்த இடம் இன்னும் எவர் பெயரில் இருக்கிறதென்று பார்த்து, பட்டாவுக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்க. மனு எழுதத் தெரியாதார் சங்கக் காரியதரிசியிடம் கேட்கலாம்; அதற்குக் கட்டணமில்லை.