பூவா தலையா காக்கும் ரகசியம்

ஆயிரம் மாணவர்களிடம் ஓர் ஆய்வாளர் கேட்கிறார்: "பரீட்சையில் பிட் அடித்ததுண்டா?" யார் உண்மையைச் சொல்வார்கள்? "பதில் வெளியே போகாது" என்று அவர் உறுதி தரலாம். ஆனால் தாள் தொலையும். கணினி களவு போகும். நீதிமன்றம் கேட்டால் கொடுக்க வேண்டியும் வரலாம். ஆய்வுக்கு உதவ வந்தவருக்கு அந்த ஆய்வாலேயே கேடு வரக்கூடாது. அதற்கு வெறும் வாக்குறுதி போதுமா?

1965-இல் ஸ்டான்லி வார்னர் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் ஒரு தந்திரத்தை முன்வைத்தார். அவர் பயன்படுத்தியது ஒரு சுழல்முள். நமக்கு ஒற்றை ரூபாய் நாணயம் போதும்.

மாணவர் ஆய்வாளர் கண்ணில் படாமல் நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மறுபடி சுண்ட வேண்டும்: இப்போது தலை என்றால் "ஆம்", பூ என்றால் "இல்லை". உண்மை எதுவானாலும் சரி. இதுதான் சமவாய்ப்பு விடை முறை, அதாவது பதிலில் வேண்டுமென்றே தற்செயலைக் கலப்பது.

குப்பையைக் கொட்டிவிட்டு உண்மையை எப்படிப் பொறுக்குவது? குப்பையின் அளவு நமக்குத் தெரியுமே! ஆயிரம் பேரில் ஏறக்குறைய 250 பேர் நாணயம் சொன்னதால் மட்டும் "ஆம்" என்றவர்கள். மொத்தம் 350 "ஆம்" வந்தால், மீதி 100. அது உண்மை பேசிய சுமார் 500 பேரிலிருந்து வந்தது. ஆகவே பிட் அடித்தவர்கள் 20 சதவீதம்.

இன்னும் அழகான விஷயம் ஒன்று உண்டு. "ஆம்" என்ற அந்த 350 பேரில் சுமார் 200 பேர் பிட்டைத் தொட்டதே இல்லை! பட்டியல் முதல்வர் கையில் சிக்கினாலும், யார் மீதும் குற்றம் சாட்ட முடியாது. ஆய்வாளருக்கே தெரியாததை அவரிடமிருந்து யார் பிடுங்க முடியும்?

சும்மா கிடைப்பதல்ல இது. நேரடியாகக் கேட்டு, எல்லோரும் உண்மை சொன்னால் கிடைக்கும் துல்லியத்தை இந்த வழியில் எட்ட, இதே கணக்கில் ஐந்து மடங்குக்கும் மேல் ஆட்கள் வேண்டும். விதியைப் பொறுமையாக விளக்கவும் வேண்டும். புரியாதவர் "இல்லை" என்றே சொல்லிவிடக்கூடும். செலவு பிடித்த நேர்மைதான். என்னைக் கேட்டால், கொடுக்கத் தகுந்த விலை.

2014-இல் கூகுள் தன் குரோம் உலாவியின் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைத் திரட்ட இதே உத்தியை விரிவாக்கிக் கையாண்டது. அங்கே நாணயத்தைச் சுண்டியது பயனரின் கணினி.