தோளுக்குத் துணையாக ஒரு மோட்டார்!

2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், போலியோ ஒழிந்த பகுதி என்று நம் நாட்டுக்கும் சேர்த்துச் சான்று கொடுத்தது. எத்தனை நல்ல சேதி! ஆனால் அதற்கெல்லாம் வெகு முன்பே போலியோவில் கால் சூம்பிப்போன குழந்தைகள் இன்று நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். குடும்பம் நடத்துகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார்கள். கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள்தான் பலருக்கு வண்டி.

அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "கால் பழகிப்போச்சுங்க. இப்போ தோள்தான் பிடுங்குது" என்பார்கள். வாஸ்தவம்தானே? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் அந்தக் கைகளால்தான். குளிப்பதும், சமைப்பதும், சைக்கிள் ஓட்டுவதும் அதே கைகளால்தான். தோள் படுத்துவிட்டால் வீட்டுக்குள் நடமாட்டமே நின்றுவிடும். அதனால்தான் கை சைக்கிளுக்கு மின்சார மோட்டார் வைப்பதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

மோட்டாரில் பல தினுசு உண்டு. எதை வாங்குவது?

சக்கரத்திலா, கிராங்கிலா?

சக்கரத்தின் நடுக் குடத்திலேயே மோட்டார் இருந்தால் அது ஹப் மோட்டார். கை சுழற்றும் கிராங்க் அச்சோடு சேர்ந்து உட்கார்ந்தால் அது மிட்-டிரைவ் மோட்டார்.

"சக்கரத்துக்குள்ளேயே வச்சுட்டா சுலபமாச்சே, எதுக்கு இந்தத் தலைவலி?" என்று கேட்கிறீர்களா? சமதரையில் ஓட்ட அது போதும், விலையும் குறைவு. மேட்டில்தான் வித்தியாசம் தெரியும். நிறைகுடத்தை ஒரே மூச்சில் மாடிக்குத் தூக்குவதைவிட, பாதிப் பாதியாக இரண்டு நடை போவது சுலபம் அல்லவா? கியர் செய்வது அதைத்தான். மிட்-டிரைவ் மோட்டாரின் பலம் செயின், கியர் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. மேடு வந்தால் சின்ன கியருக்கு மாற்றலாம். வேகம் குறையும், இழுவை கூடும். ஹப் மோட்டாருக்கு அந்தக் கியர் உதவாது. செங்குத்தான மேட்டில் திணறிச் சூடாகும்.

ஆக, உங்கள் வழியில் மேம்பாலமோ மேடோ இருந்து, வண்டியிலும் கியர் இருந்தால் மிட்-டிரைவ் வாங்குங்கள். கியரே இல்லாத வண்டியில் அதை வைப்பதால் பெரிய லாபம் இல்லை. கியர் வைப்பதானால் சக்கரக் குடத்துக்குள் இருக்கும் மூன்று கியர் வகை நல்லது. வண்டி நின்ற பிறகுகூட அதை மாற்றலாம். செயின் தாவும் வகையை ஓடும்போதுதான் மாற்ற முடியும்.

இன்னொன்று. இழுப்பது முன் சக்கரம், பாரமோ பெரும்பாலும் பின்னால். மணலிலும் ஈர மேட்டிலும் முன் சக்கரம் வழுக்கினால் எத்தனை பெரிய மோட்டாரும் உதவாது.

கை சொன்னால் கேட்குமா?

மோட்டார் எப்போது உதவ வேண்டும் என்பதை ஒரு சென்சார் சொல்லும். கிராங்க் சுற்றுகிறதா என்று மட்டும் பார்ப்பது ஒரு வகை. லேசாகச் சுழற்றினாலே உதவி வந்துவிடும். கையில் பலம் குறைந்தவர்களுக்குச் சௌகரியம். ஆனால் குறுகிய சந்தில் திரும்பும்போது சட்டென்று தள்ளும்.

எத்தனை அழுத்துகிறோம் என்று அளந்து, அதற்கேற்ப உதவுவது இன்னொரு வகை. பழக இதமாக இருக்கும். ஆனால் இவை காலின் பலத்தை மனதில் வைத்துச் செய்தவை. கை தரும் அழுத்தம் அதைவிடக் குறைவு, உதவியும் குறைந்துபோகலாம். எனவே ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். எந்த வகையானாலும் கட்டை விரலால் அழுத்தும் திராட்டிலும் கூடவே இருக்கட்டும். தோள் வலிக்கும் நாளில் அதுதான் வீடு கொண்டு சேர்க்கும். திராட்டிலை அழுத்தும்போது கைப்பிடி தானாகச் சுழலக் கூடாது. சுழன்றால் மணிக்கட்டில் அடிபடும்.

முதலில் பிரேக்!

கைப்பிடியைப் பின்னோக்கிச் சுழற்றினால் பிடிக்கும் பிரேக் சில வண்டிகளில் உண்டு. பல மிட்-டிரைவ் மோட்டார்களில் அந்தப் பின் சுழற்சி சக்கரத்துக்குப் போகாது, பிரேக்கும் பிடிக்காது! அதற்கென்றே தனி மாடல்கள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். பிரேக்கைத் தொட்டதுமே மோட்டார் நிற்கும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும்.

சூடு தெரியாத கால்

போலியோவில் காலுக்குத் தொடு உணர்ச்சி போவதில்லை. முதுகுத் தண்டில் அடிபட்டவர்களுக்கோ பெரும்பாலும் உணர்ச்சியே இருக்காது. கை சைக்கிளில் மோட்டார் உட்காருவது தொடைக்கும் முழங்காலுக்கும் அருகில். மேடு ஏறிச் சூடான மோட்டார் காலில் பட்டால், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நடுவே ஒரு தடுப்புத் தகடு போட்டுவிடுங்கள். வீடு திரும்பியதும் கால்களை ஒரு முறை பார்த்துவிடுவது நல்ல வழக்கம். வண்டி வேகமாகப் போனால் அதிர்வும் கூடும். புண் வராமலிருக்க நல்ல மெத்தை அவசியம்.

கணக்கும் சட்டமும்

பாட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. கிலோமீட்டருக்குச் சுமார் 15 முதல் 20 வாட்-மணி என்று வைத்துக்கொண்டால் 18 முதல் 24 கிலோமீட்டர் போகலாம். மேடும் பாரமும் கூடினால் தூரம் குறையும்.

நம் நாட்டு விதிப்படி மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, பாட்டரி நீங்கலாக வண்டி 60 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. கடையில் 500, 750 வாட் மோட்டாரைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். ஜாக்கிரதை!

வாங்குமுன் கிராங்க் அச்சு நுழையும் குழாயை அளந்துகொள்ளுங்கள். பல மோட்டார்கள் 68 முதல் 73 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குத்தான் பொருந்தும். திருப்பும்போது கிராங்கும் கூடவே திரும்பும் வண்டியானால், ஒயர்களைக் கொஞ்சம் தளர்வாக விடச் சொல்லுங்கள்.

யார் தேர்ந்தெடுப்பது?

வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி, ஓட்டப்போகிறவரை மட்டும் கேட்காமல் விட்டுவிடுவது நம்மிடையே சகஜம். அப்படிச் செய்யாதீர்கள். அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். சுவிட்ச் எட்டுகிறதா, பாட்டரியை அவராகவே கழற்றி மாட்ட முடிகிறதா, கியர் மாற்றக் கை போகிறதா என்று அவரே பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் அந்த மோட்டார் எத்தனை உசத்தியானாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகும் சமதரையில் உதவியைக் குறைத்து வைத்துக் கொஞ்சம் சுழற்றச் சொல்லுங்கள். கைக்கு அளவான வேலையும் வேண்டும் அல்லவா? மேட்டுக்கு மோட்டார், சமதரைக்குக் கை என்று பங்கு பிரித்துக்கொண்டால் தோளும் பிழைக்கும், பலமும் குறையாது.