கரண்ட் வரும் நேரம்

வீடும் வயரும் – 9

2012-ல் நாங்கள் கும்பகோணத்தில் குடியிருந்தோம். சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால், எங்கள் பக்கம் அது பத்து, பன்னிரண்டு என்று போய்க்கொண்டிருந்த வருடம். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். ராத்திரியிலும் அதே கதைதான். மாவு அரைப்பது, மோட்டார் போடுவது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் அந்தக் கணக்கில் நடந்தன. பொறுக்க முடியாமல் இன்வெர்ட்டர் வாங்கக் கடைக்குப் போய், “பேக்கப் எத்தனை மணி நேரம் வரும்?” என்று கேட்டேன். “அஞ்சு மணி நேரம் கண்ணை மூடிக்கிட்டு வரும் சார்” என்றார் கடைக்காரர்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. கரண்ட் போன இருபதாவது நிமிடம் இன்வெர்ட்டர் கூவ ஆரம்பித்தது. பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன், பேட்டரியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, “எத்தனை மணி நேரம் வரும்னு கேட்டீங்க, சரி. எத்தனை மணி நேரம் ஏறும்னு கேட்டீங்களா சார்?” என்றார்.

அந்தக் கேள்வி புரியக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி. பெருக்கினால் 1,800 வாட்-மணி. இன்வெர்ட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக 1,400 சொச்சம் மிஞ்சும். பழைய சீலிங் ஃபேன் ஒன்றுக்கு 75 வாட். இரண்டு ஃபேன், இரண்டு எல்.இ.டி. டியூப், இன்டர்நெட் பெட்டி, எல்லாம் சேர்த்து 200 வாட் என்று வையுங்கள். ஏழு மணி நேரம் ஓட வேண்டும். ஓடாது. அந்த 150 என்பது பேட்டரியை 20 மணி நேரம் வைத்து நிதானமாகக் காலி செய்தால் கிடைக்கும் அளவு. பேட்டரி மேல் பொடி எழுத்தில் ‘சி20’ என்றிருப்பதன் அர்த்தம் அதுதான். வேகமாக உறிஞ்சினால் தருவதும் குறையும். ஆக, கடைக்காரர் சொன்ன ஐந்து மணி நேரம் நியாயமான பேச்சே.

அவர் சொல்லாமல் விட்டது ஏறும் கணக்கு. 200 வாட் லோடுக்கு பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 20 ஆம்பியர் இறங்கும். என் இன்வெர்ட்டர் திரும்ப ஏற்றியதோ அதிகபட்சம் 15 ஆம்பியர். நிரம்ப நிரம்ப அதுவும் குறையும். காலி பேட்டரி முழுக்க நிரம்பப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடாமல் கரண்ட் வேண்டும். எங்களுக்கோ ஒரு மணி நேரம் செலவு, ஒரு மணி நேரம் அதைவிடக் குறைந்த வரவு. இப்படி நாள்கணக்கில் அரைவயிறாகவே கிடந்தால், ஈயத் தட்டுகளில் படியும் சல்பேட் இறுகிப்போய் மறுபடி கரையாது. பேட்டரி செத்தது அதனால்தான். டிஸ்டில்டு வாட்டரை நான் ஒரு தடவைகூட மறக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அதனால் கடைக்குப் போகுமுன் ஒரு மாதம் உங்கள் வீட்டுக் கரண்ட் எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்று குறித்துப் பாருங்கள். மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக நிறுத்துவதும், மழைக்கு அரை மணி நேரம் போவதும்தான் உங்கள் பிரச்சினை என்றால், வழக்கமான ஈய ட்யூபுலர் பேட்டரியே போதும். மீதி நாளெல்லாம் அது நிரம்பி உட்கார்ந்திருக்கும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகும் என்பதால் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பூஜை அலமாரிக்குக் கீழே வைத்த வீட்டைப் பார்த்திருக்கிறேன். மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அடிக்கடி போய் அடிக்கடி வரும் ஊர் என்றால் லித்தியம் பக்கம் போகலாம். சீக்கிரம் ஏறும், அரைகுறையாக ஏறினாலும் கெடாது, தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. விலைதான் கையைக் கடிக்கும். அதை வாங்கினால் இன்வெர்ட்டரும் அதற்குத் தோதானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கஜா புயல் மாதிரி ஒன்று வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரி முதல் நாளே படுத்துவிடும். அப்போது கைகொடுத்தவை ஜெனரேட்டர்கள். தண்ணீர்த் தொட்டி நிரப்பவும், காசுக்கு செல்போன் சார்ஜ் போடவும் அவைதான். ஆனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, மூடிய வராந்தாவிலோ ஓட்டவே கூடாது. அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். இன்னொன்று, அதன் வயரை சுவர் பிளக்கில் சொருகி வீடு முழுக்க விளக்கெரிக்கும் குறுக்குவழி. அந்தக் கரண்ட் தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகத் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட் லைனுக்குப் போய்விடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் உயிர் போகும். வீட்டைத் தெரு லைனிலிருந்து பிரித்துவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் வேண்டாம்.

மாடியில் சோலார் போட்டவர்கள் ஏமாறுவதும் இதே விஷயத்தில்தான். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. போட்டவர்கள் வீட்டில் பில் குறைகிறது. ஆனால் உச்சி வெயிலில் கரண்ட் போனால் சோலாரும் சேர்ந்து அணைந்துவிடும். லைன்மேனைக் காப்பாற்றத்தான் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை அப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வேண்டும். அதற்குச் செலவு தனி.

இப்போதிருக்கும் வீட்டில் இன்வெர்ட்டர் மாற்றும் பேச்சு வந்தபோது, நாள்காட்டியில் பால் கணக்குக்குப் பக்கத்தில் கரண்ட் கணக்கையும் என் மனைவி எழுதிவைத்தாள். ஒரு மாதத்தில் மொத்தம் பதினொரு மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் ஒரே நாளில். இரண்டாவது பேட்டரி வாங்கும் எண்ணத்தில் இருந்தேன். “ஃபேனை மாத்துங்க” என்றாள். பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்றுக்கு 30 வாட்தான் இழுக்கிறது. இரண்டை மாற்றியதும் 200 வாட் லோடு 110 ஆனது. அடுத்த தடவை பராமரிப்புக்கு நிறுத்திய நாளில், சாயங்காலம் வரை பழைய பேட்டரியே தாங்கியது. இரண்டு ஃபேனும் சேர்ந்து பேட்டரி விலையில் பாதிகூட வரவில்லை.

அடுத்த வாரம்: இன்வெர்ட்டர் லைனில் எதைச் சேர்ப்பது, ஃப்ரிட்ஜை ஏன் சேர்க்கக் கூடாது.

(தொடரும்)